உலகக் குறிப்பேடு: கற்பனை ஊரின் விவரங்களை ஒழுங்கு செய்தல்

மதுரையில் நடக்கும் கதையில் வைகையின் போக்கைப் பற்றி ஐயம் வந்தால் வரைபடத்தைப் பார்க்கலாம், ஊர்க்காரரைக் கேட்கலாம். இல்லாத ஊரில் ஓடும் ஆற்றைப் பற்றிக் கேட்க ஆளில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் எழுத்தாளர் சொன்னது ஒன்றுதான் சான்று. இருபதாம் அத்தியாயத்தில் அவரே அதை மறந்துவிட்டால், கதையை நம்பி வந்த வாசகர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அந்தச் சான்றுகளைச் சேர்த்து, தேடியதும் கிடைக்கும்படி வைத்திருக்கும் ஏட்டை உலகக் குறிப்பேடு என்று சொல்லலாம்.

நினைவை மட்டும் நம்பி எழுதித் தடுக்கியவர்களில் பெரிய எழுத்தாளர்களும் உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் டாக்டர் வாட்சனுக்குத் தோளில் குண்டு பட்டதாக எழுதினார். 1890-இல் வந்த இரண்டாம் நாவலில் அந்தக் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. ஒற்றை வரிக் குறிப்பு கையில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

குறிப்பு எடுக்காதவர்களைவிட, எடுத்தும் பயன்படுத்த முடியாதவர்களே அதிகம். தோன்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போவதுதான் காரணம். அரசனின் குலக்கதை, சந்தையில் மீன் விலை, ஒரு பழமொழி, கோட்டைக் கதவின் மரம் என்று இருநூறு பக்கம் நிறைந்த பிறகு, மீன் விலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எழுதியவருக்கே தெரியாது. காட்சியை எழுதிக்கொண்டிருக்கும்போது கை நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வேண்டிய விவரம் அகப்பட வேண்டும். குறிப்பேட்டின் அமைப்பு சரியா என்பதை இதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கற்பனை ஊர் எடுத்துக்காட்டாக வரும். வெள்ளளம் என்று அதற்குப் பெயர். உவராறு கடலில் சேரும் கழிமுகத்தில் இருக்கும் உப்பள ஊர்; காலம் அணா புழங்கிய 1930-கள்.

நிலமும் பொழுதும் முதலில்

விவரங்களை எந்தத் தலைப்புகளில் பிரிப்பது என்ற கேள்விக்குத் தொல்காப்பியத்தின் அகத்திணையியல் தரும் விடையைவிடத் தெளிவான ஒன்றைக் காண்பது அரிது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அவற்றிலிருந்து பிறப்பது கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இவற்றின் நடுவே மனிதருக்கு நேர்வது உரிப்பொருள். பின்னால் வந்த நம்பியகப்பொருள், ஊர், நீர், பூ, பண் ஆகியவற்றையும், உயர்ந்தோர், அல்லோர் என்ற மக்கட்பிரிவுகளையும் சேர்த்துக் கருப்பொருளைப் பதினான்காக விரித்தது. செய்யுள் இலக்கணமாகப் பள்ளியில் படித்த இந்தப் பட்டியல், நாவலாசிரியருக்கு ஆயத்தமான குறிப்பேட்டுத் தலைப்புகளாக அப்படியே உதவும்.

பட்டியலைவிட அதன் பிணைப்பு முக்கியம். நெய்தலுக்குத் தெய்வம் வருணன், மரம் புன்னை, பறை மீன்கோட்பறை, தொழில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும். இவற்றில் எதுவும் தனியாக நிற்பதில்லை; எல்லாம் கடற்கரையில் தொங்குகின்றன. கற்பனை உலகின் ஒவ்வொரு விவரமும் அப்படி ஒரு நிலத்திலும் ஒரு பொழுதிலும் தொங்க வேண்டும். தொங்காத விவரம் அழகாக இருந்தாலும் தனிப் பையில் காத்திருக்கட்டும்.

வெள்ளளத்தை எடுத்துக்கொள்வோம். நிலம் கடலோரக் கழி. மழை வடகிழக்குப் பருவத்தில். அப்படியானால் தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டுத் தண்ணீர் கட்டுவார்கள், கோடை முழுக்க உப்பு வாருவார்கள், ஐப்பசி மழை விழுந்ததும் அளம் கரைந்து வேலை நிற்கும். மழை மூன்று மாதமும் கூலி இல்லை. கூலி இல்லாததால் கடன். கடன் கொடுக்க ஓர் ஆள். கடனை வேலையில் கழிக்க மீண்டும் தை. ஊரில் அதிகாரம் யார் கையில் என்று தனியே யோசிக்கத் தேவையே இல்லாமல் மழைக்காலம் அதைச் சொல்லிவிடுகிறது. கார்த்திகை மாதத்தில் உப்பு வாரும் காட்சியை எழுதவந்தால், குறிப்பேட்டின் முதல் பக்கமே அதைத் தடுக்கும்.

மலையைப் பற்றியோ பாலைவனத்தைப் பற்றியோ வேற்றுக் கிரகத்தைப் பற்றியோ எழுதினாலும் முறை இதுதான். நீர் எங்கிருந்து வருகிறது, எப்போது வராது என்ற இரண்டும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வரைபடமும் தூரத்தாளும்

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1881-இல் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில் தங்கியிருந்தபோது ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான் 'புதையல் தீவு'. 1883-இல் அது நூலாக வந்தபோது, அனுப்பிய படம் வந்து சேரவில்லை என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். கதைக்குள் எங்கெங்கே திசையும் தூரமும் வருகின்றன என்று முழு நூலையும் துழாவிப் பட்டியலிட்டு, அதற்கு ஒத்துவருமாறு புதிதாக ஒரு படத்தை வரைய வேண்டியதாயிற்று. படத்தைப் பார்த்துக் கதை எழுதுவது எளிது, கதையைப் பார்த்துப் படம் வரைவது பெரும்பாடு என்பதை அவர் பிற்பாடு ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார். பாதி நாவல் எழுதிய பிறகு குறிப்பேடு தொடங்குவோர் அனைவருக்கும் இந்தப் பாடு உண்டு. ஆயினும் அதைச் செய்துதான் ஆக வேண்டும்.

படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆறு எத்திசையில் ஓடுகிறது, கதிரவன் எந்தத் தெருவின் முனையில் எழுகிறான், எங்கிருந்து நின்றால் எது தெரியும் என்ற மூன்றும் இருந்தால் போதும். கூடவே ஒரு தூரத்தாள் வேண்டும். இடங்களை மேலும் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தொலைவை அல்ல, பயண நேரத்தை எழுதுவது நல்லது. கதையில் வருவது நேரம்தான். ஆள் நடை மணிக்குச் சுமார் 5 கி.மீ., சுமை ஏற்றிய மாட்டுவண்டி 3 அல்லது 4 கி.மீ. என்று ஒருமுறை முடிவு செய்துகொண்டால் மற்றவை தானாக வரும். நாழிகைக் கணக்கில் எழுதுவோர், நாழிகைக்கு 24 நிமிடம், சாமத்துக்கு மூன்று மணி நேரம் என்பதைத் தாளின் தலையிலேயே எழுதிவைக்கலாம்.

வில்லியம் ஃபாக்னர் 1936-இல் வெளியிட்ட நாவலின் இறுதியில் தம் கற்பனை மாவட்டமான யோக்னபட்டாஃபாவின் படத்தைச் சேர்த்தார். பரப்பு 2,400 சதுர மைல், மக்கள்தொகை வெள்ளையர் 6,298, கறுப்பினத்தவர் 9,313 என்று அதில் குறித்திருந்தார். மக்கள்தொகையை முடிவு செய்வது வீண்வேலை அல்ல. நானூறு பேர் ஊரில் அந்நியன் வந்தால் பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் தெரியும்; நாற்பதாயிரம் பேர் ஊரில் தெரியாது. வேவு பார்க்கும் கதை முழுவதும் இந்த ஓர் எண்ணைப் பொறுத்தது.

எல்லாத் தெருவையும் வரைந்து முடித்துத்தான் எழுதத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. ஆர். கே. நாராயணின் மால்குடி 1935-இல் முதன்முதலாக வந்தது. சரயு ஆறு, மெம்பிக் காடு, மார்க்கெட் ரோடு, கபீர் தெரு என்று சில புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்ததாலேயே வாசகர் மனத்தில் அந்த ஊர் நிலைத்தது.

நாட்காட்டி

வரைபடப் பிழையைவிட அதிகம் நேர்வது நாட்பிழை. டோல்கீன் 'மோதிரங்களின் தலைவன்' எழுதிக்கொண்டிருந்த 1944-இல், பிரிந்து சென்ற பாத்திரக் குழுக்கள் பார்க்கும் நிலா ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பதைக் கண்டு, எழுதிய அத்தியாயங்களைத் திருத்தினார். ஒரே நாளில் எந்தக் குழு எங்கே இருந்தது என்று பக்கம் பக்கமாக அட்டவணை போட்டார். ஸ்டீவன்சனும் வேறொரு நாவலில் நிலாவால் இடறிய பிறகு, பஞ்சாங்கம் அருகில் இல்லாமல் எழுதுவதில்லை என்று வழக்கப்படுத்திக்கொண்டார்.

தமிழ் எழுத்தாளர் வீட்டில் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சமில்லை. கற்பனை நாட்டுக் கதையானாலும் வானில் ஒரு நிலா இருந்தால் சில விதிகள் மாறா. முழுநிலா கதிரவன் மறையும் வேளையில் எழும். பிறகு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். தேய்பிறை அட்டமி நிலா நள்ளிரவை ஒட்டித்தான் வரும். மூன்றாம் பிறை அந்திக்குப் பின் சற்று நேரத்தில் மேற்கே இறங்கிவிடும். வெள்ளளத்தில் உப்பு கடத்தும் படகு இரவு எட்டு மணிக்கு இருட்டில் போக வேண்டும், திரும்பும்போது நிலவொளியில் பிடிபட வேண்டும் என்றால் தேய்பிறையின் நடுநாட்களே பொருந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உயரும் என்பதால் கழிமுகத்தில் படகு தரைதட்டும் நாட்களும் இதே தாளிலிருந்து கிடைக்கும்.

நாட்காட்டித் தாளில் நான்கு நிரல்கள் போதும்: கதை நாள், திதி, பருவம், அன்று யார் எங்கே. கதை குறுகிய காலத்தில் நடந்தால் இதைச் சுவரில் ஒட்டிவிடலாம். ஃபாக்னர் 1954-இல் வெளிவந்த நாவலின் ஒரு வார நிகழ்ச்சிகளைக் கிழமை வாரியாகத் தம் வீட்டு அறைச் சுவரிலேயே எழுதிவைத்தார். மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் அந்தச் சுவரை இன்றும் பார்க்கலாம்.

பாத்திரங்களின் வயதைக் குறிக்கக் கூடாது. பிறந்த ஆண்டைக் குறிக்க வேண்டும். வயது அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும், பிறந்த ஆண்டு மாறாது. பிரபவ முதல் அட்சய வரையான ஆண்டுப் பெயர்களைக் கையாளுவோர் எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். அறுபது ஆண்டில் அதே பெயர் திரும்பி வரும். பாட்டனின் திருமணமும் பேரனின் பிறப்பும் ஒரே ஆண்டுப் பெயரில் விழுந்தால் எழுதியவரே குழம்பிப்போவார்.

பெயரும் விளியும்

பெயர்ப்பட்டியல் எல்லா மொழி எழுத்தாளருக்கும் தேவை. தமிழில் எழுதுவோருக்கு அதில் கூடுதலாக இரண்டு வேலைகள் உண்டு.

முதலாவது, பெயர் வேற்றுமை உருபு ஏற்கும் விதம். வெள்ளளம் என்பது வெள்ளளத்தில், வெள்ளளத்துக்கு என்று ஆகும். உவராறு உவராற்றில் என்று இரட்டிக்கும். தமிழ் ஒலியுள்ள பெயர்களில் இது சிக்கலில்லை. வேற்று உலகக் கதைக்காகத் 'தோரம்' என்று ஒரு நகருக்குப் பெயர் வைத்தால், தோரத்தில் என்பதா, தோரமில் என்பதா? எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் ஒன்றைத்தான். ஆகவே ஒவ்வொரு புதுப்பெயருக்கும் எதிரே 'இல்', 'உக்கு', 'இன்' சேர்ந்த மூன்று வடிவங்களையும் எழுதிவைக்க வேண்டும். கணினியில் தேடுவதற்கும் இது உதவும். 'வெள்ளளம்' என்று முழுச்சொல்லைத் தேடினால் 'வெள்ளளத்தில்' வரும் இடங்கள் அகப்படாது. ஈற்று மெய்யை விட்டு 'வெள்ளள' என்று தேடினால் எல்லாம் வரும்.

இரண்டாவது, விளி அட்டவணை. யார் யாரை நீ என்கிறார், நீர் என்கிறார், நீங்கள் என்கிறார். என்ன முறை சொல்லி அழைக்கிறார். முறைப்பெயரும் மரியாதை ஒருமையும் தமிழ்ப் பேச்சில் உறவின் அளவுகோல்கள். வெள்ளளத்தில் பேச்சி என்ற அளத்தொழிலாளி கணக்குப்பிள்ளையைப் பார்த்து 'ஐயா, நீங்க' என்பாள். அவர் 'ஏ பேச்சி, நீ' என்பார். அவள் கூலிக்காக அளத்தாரைத் திரட்டிய பின் ஒருநாள் அவர் வாயில் 'பேச்சியம்மா, நீங்க' என்று வந்தால், அது ஓர் அத்தியாயத்தின் உச்சம். ஆனால் அதற்கு முந்தைய நூறு பக்கத்தில் கவனக்குறைவாக ஒருமுறை 'நீங்க' விழுந்திருந்தால் அந்த உச்சம் வீணாகிவிடும். அட்டவணையில் இருவர் சந்திக்கும் கட்டத்தில் விளியை எழுதி, அது மாறும் அத்தியாய எண்ணையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். உலகக் குறிப்பேட்டின் எந்தப் பகுதியைத் தவிர்த்தாலும் இதை மட்டும் தவிர்க்கலாகாது.

பெயரிடும் விதியே உலகத்தைச் சொல்லிவிடும் வாய்ப்பும் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் குடிமக்களின் பெயர்கள் நிலா, சிபி என்று இரண்டெழுத்துக்குள் அடங்கும்; அரசின் கை எவ்வளவு நீளம் என்பதை விளக்கத் தனிப் பத்தியே வேண்டியதில்லை. அத்தகைய விதியைக் குறிப்பேட்டில் விதியாகவே எழுத வேண்டும். பெயர்களை மட்டும் எழுதிவைத்தால், ஐம்பதாவது பெயரை வைக்கும்போது விதி மறந்துபோகும். புதுமொழிக்கும் இது பொருந்தும். 2015-இல் வந்த 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கி மொழி சுமார் 750 சொற்களோடு 40 இலக்கண விதிகளையும் கொண்டது. சொற்கள் தீர்ந்தாலும் விதி இருந்தால் மேலும் ஆக்கிக்கொள்ளலாம்.

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை

மீதமுள்ள விவரங்கள் அட்டைகளில் போகட்டும். ஒரு விவரம் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்; வேறெங்கும் தேவைப்பட்டால் 'இன்ன அட்டையைப் பார்க்க' என்று மட்டும் எழுத வேண்டும். படகுக்கூலியைப் படகுத்துறை அட்டையிலும் விலைப்பட்டியலிலும் எழுதினால், ஒன்றைத் திருத்தும் நாளில் மற்றது பொய்யாகிவிடும். வெள்ளளத்தின் அட்டை ஒன்று:

படகுத்துறை
இடம்: உவராற்றின் தென்கரை. சந்தையிலிருந்து கால் மணி நடை.
கூலி: ஆளுக்குக் காலணா, உப்பு மூட்டைக்கு அரையணா.
ஓடாத நாள்: ஐப்பசி, கார்த்திகை வெள்ளம். அப்போது பாலம் வழியாகச் சுற்றிவர அரை நாள்.
கண்ணும் காதும்: கயிற்றுத் தழும்பு விழுந்த புன்னைமரம்; ஓதம் இறங்கும்போது சேற்று நாற்றம்.
யாருக்கு என்ன: கூலி மிச்சம் பிடிக்கப் பேச்சி ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிக் கடப்பாள்.
நிலை: கூலி, அத். 3-இல் வந்தது. வெள்ளச் சுற்றுவழி முடிவானது, எழுதவில்லை.
பார்க்க: தூரத்தாள், விலைத்தாள்.

இதில் 'யாருக்கு என்ன' என்ற வரிதான் உரிப்பொருள். அது காலியாகவே கிடக்கும் அட்டை கதைக்குள் வர அநேகமாக வழியில்லை. விலைகளையும் தனித்தனியே எழுதாமல் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டு எழுதினால்தான் பொருள் விளங்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் நாலணா கூலி வாங்குபவருக்கு, போகவர அரையணா என்பது நாள் கூலியில் எட்டில் ஒரு பங்கு. பேச்சி ஏன் தண்ணீரில் இறங்குகிறாள் என்பது அப்போது தெரியும்.

அச்சானது, முடிவானது, யோசனை

அட்டையின் 'நிலை' வரி சிறியது. ஆனால் குறிப்பேடு நம்பத்தக்கதா என்பது அதில் இருக்கிறது. விவரங்கள் மூன்று நிலைகளில் இருக்கும். வாசகர் கைக்குப் போய்விட்டவை அச்சானவை. எழுத்தாளர் தீர்மானித்து இன்னும் எழுதாதவை முடிவானவை. மற்றவை யோசனைகள். மூன்றையும் கலந்து வைத்தால், என்றோ ஓர் இரவில் தோன்றிய யோசனை பின்னாளில் உண்மைபோலத் தலைதூக்கும். உண்மையிலேயே அச்சேறியதை எழுத்தாளர் கவலையின்றி மாற்றிவிடுவார். மூன்று நிற மையே இதற்குப் போதும்.

தொடர்கதை எழுதுவோருக்கு இது உயிர்நாடி. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் எழுதினார். சென்ற வாரம் போன இதழைத் திரும்ப வாங்க முடியாது. இன்று தொடர் எழுதுபவருக்கும் நாவல் வரிசை எழுதுபவருக்கும் நிலைமை அதேதான்.

அச்சானதை மாற்றியே தீர வேண்டிய கட்டமும் வரும். டோல்கீனின் 'ஹாபிட்' 1937 பதிப்பில், விடுகதைப் பந்தயத்தில் கதைநாயகன் பில்போவிடம் தோற்ற கொல்லம் என்பவன் தன் மோதிரத்தைப் பரிசாகத் தரவே தயாராக இருந்தான். அடுத்த நாவலில் அந்த மோதிரம் எவரையும் விடாத தீமையாக வளர்ந்துவிட்டது. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தை அவர் திருத்தினார். அதோடு நிற்காமல், பழைய வடிவம் பில்போ தன் உரிமையை நிலைநாட்டச் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே இடம் கொடுத்தார். முரணை மறைக்காமல் ஒரு பாத்திரத்தின் குணமாக்கிய இந்தத் தீர்வு படித்துப் படித்து வியக்கத்தக்கது. இப்படித் திருத்தியவற்றை அட்டையில் அடித்துவிட்டுப் பழையதும் தெரியும்படி வைக்க வேண்டும், அழிக்கக் கூடாது.

பலர் சேர்ந்து எழுதும் உலகத்தில் இன்னொரு கேள்வியும் எழும்: யார் சொன்னது செல்லும்? 'ஸ்டார் வார்ஸ்' உலகத்துக்காக லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் 2000-இல் லீலண்ட் சீ தொடங்கிய ஹோலோக்ரான் தரவுத்தளம், படங்களில் வந்தது உச்சம், நாவல்களில் வந்தது அடுத்தது என்று விவரங்களுக்குப் படிநிலை கொடுத்தது. 2014-இல் அதுவரையான நாவல்கள் முதலியவற்றை நிறுவனம் 'லெஜண்ட்ஸ்' என்ற தனி வகைக்கு மாற்றியது. இணையத் தொடரை மூவர் எழுதினாலும், முரண் வந்தால் முடிவு சொல்பவர் யார் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.

கருவியும் பராமரிப்பும்

கருவி எதுவாகவும் இருக்கலாம். தாள் சேர்க்கும் கோப்பும் அட்டைப் பெட்டியும் ஒரு நாவலுக்குத் தாராளம். தூரத்தாள், நாட்காட்டி, விளி அட்டவணை மூன்றும் எக்செல், கூகுள் ஷீட் போன்ற கட்டத்தாள்களில் நன்றாக அமையும். அட்டைகளுக்கு ஒன்றையொன்று இணைக்கும் வசதியுள்ள ஒப்சிடியன் போன்ற செயலி பொருந்தும். உலகம் அமைப்பதற்கென்றே உள்ள வேர்ல்ட் அன்வில் போன்ற தளங்கள் நூற்றுக்கணக்கான தலைப்புகளை நீட்டும். அவற்றை நிரப்புவதிலேயே ஆண்டு கழியக்கூடும் என்பதால் முதல் நாவலுக்கு அவற்றைத் தவிர்க்கலாம்.

ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதை ஒருமுறை படித்து, புதிதாக வந்த பெயர், இடம், விலை, நாள், விளி ஆகியவற்றின் கீழே கோடிட்டு, உடனே அட்டைக்கு ஏற்ற வேண்டும். எழுதும்போதே ஏற்ற முயன்றால் எழுத்து நின்றுவிடும். நாவல் முடிந்த பிறகு ஏற்றலாம் என்றால் ஸ்டீவன்சனின் பாடுதான். அத்தியாயத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

கையெழுத்துப்படி பதிப்பகத்துக்குப் போகும்போது பெயர்ப்பட்டியலின் படி ஒன்றும் கூடப் போக வேண்டும். வெள்ளளம் என்பதை வெள்ளாளம் என்று மெய்ப்புத் திருத்துபவர் மாற்றிவிடாமல் அது காக்கும். அட்டைப்படம் வரைபவருக்குக் கோட்டுப்படமும், கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்ற குறிப்பும் போதும். புன்னைமரம் துறையின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்.